எட்டு முனை விடிவெள்ளி: மாபுச்சே மக்களின் வுனெல்ஃபே

விடிவதற்கு முன் கிழக்கில் தனித்து எரியும் வெள்ளிக் கோளைத் தமிழில் விடிவெள்ளி என்கிறோம். தென்னமெரிக்காவின் தென்பகுதியில், இன்றைய சிலியிலும் அர்ஜென்டினாவிலும் வாழும் மாபுச்சே மக்கள் அதே ஒளியை வுனெல்ஃபே என்கிறார்கள். எட்டு முனை கொண்ட நட்சத்திரமாக அதை வரைகிறார்கள். நீலத் துணியில் வெள்ளையாக அதை ஏந்தி நிற்கும் மனிதர்களைச் சிலியிலிருந்து வரும் போராட்டப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அந்த வடிவத்தைப் பற்றி எழுதப்படுகிறவற்றில் பெரும்பகுதி சிலியின் தேசியக் கொடியில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. கொடிக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் வுனெல்ஃபே ஒரு வானப் பொருளின் பெயர். அது தோன்றும் திசையையும் நேரத்தையும் விட்டுவிட்டு வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் பாதிப் பொருள் உதிர்ந்துவிடும்.

முதலில் பெயர். மாபுச்சே மக்களின் மொழி மாபுதுங்குன். ‘நிலத்தின் பேச்சு’ என்று பொருள். அதில் ‘வுன்’ என்றால் விடியல். சொல்லின் கடைசியில் வரும் ‘ஃபே’ ஒரு செயலைச் செய்பவரைக் குறிக்கும் விகுதி. வெள்ளிக் கம்மியர் ‘ருத்ராஃபே’, கற்றுத்தருபவர் ‘கிமெல்ஃபே’. அந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் வுனெல்ஃபே ‘விடியலைக் கொண்டுவருபவர்’ ஆகிறது. நட்சத்திரத்துக்குப் பொதுச்சொல் ‘வங்லென்’. விடிவெள்ளிக்கு மட்டும் ஒரு தொழில் இருக்கிறது, அந்தத் தொழிலே அதன் பெயராகவும் இருக்கிறது.

இந்தப் பெயரை ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு விதமாக எழுதியிருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பழைய ஸ்பானிய நூல்களில் குன்யெல்வே என்று வரும். இன்றைய எழுத்தில் வுனெல்ஃபே, வுன்யெல்ஃபே என்று வரும். மாபுதுங்குன் நெடுங்காலம் எழுத்தில்லாமல் வாழ்ந்த மொழி. இன்று அதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துமுறைகள் புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றில் ரகிலேயோ முறை, ‘வு’வில் வரும் உயிரொலிக்கு ரோமன் எழுத்தில் நாம் ‘வி’ என்று படிக்கும் குறியைப் போடுகிறது. அதை மெய்யெழுத்தாக எண்ணி வாசித்தால் சொல்லே சிதைந்துவிடும். தமிழர்களுக்கு அந்த ஒலி எளிது: ‘பாக்கு’, ‘காது’ என்ற சொற்களின் கடைசியில் உதடு குவியாமல் வரும் குற்றியலுகரத்துக்கு மிக நெருங்கிய ஒலி அது. ‘ஊ’ என்று உதட்டைக் குவித்து நீட்டக் கூடாது.

இனி வானம். வெள்ளிக் கோள் சூரியனை விட்டு 47 பாகைக்கு மேல் விலகிப் போவதில்லை. ஆகவே நடு இரவில் அது நம் கண்ணில் படாது. விடியலுக்கு முன் கிழக்கிலோ, அந்தி சாய்ந்த பின் மேற்கிலோதான் தெரியும். ஒரு முழுச் சுற்று சராசரியாக 584 நாள். அதில் ஏறத்தாழ 263 நாள் காலையில் தெரியும். பிறகு சூரியனுக்குப் பின்னால் போய் 50 நாள் அளவுக்கு மறையும். அதன் பின் மீண்டும் 263 நாள் போல மாலையில் தெரியும். அடுத்து சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே நுழைந்து, சராசரியாக எட்டு நாள் போலக் காணாமல் போய், மறுபடி காலை வானில் எழும். இவையெல்லாம் சராசரிக் கணக்கு. அகலாங்கும் பருவமும் மாறும்போது நாட்கள் கூடும், குறையும்.

மாலையில் தெரியும் வெள்ளிக்கு மாபுதுங்குனில் வேறு பெயர்: யெபுன். இந்தப் பெயரை வானியல் உலகம் முழுவதும் அறியும். சிலியின் அட்டகாமா பாலைவனத்தில், 2,635 மீட்டர் உயரத்தில் இருக்கும் செரோ பரனால் மலையில் ஐரோப்பிய தென்வானியல் ஆய்வகத்தின் நான்கு பெருந்தொலைநோக்கிகள் நிற்கின்றன. ஒவ்வொன்றின் ஆடியும் 8.2 மீட்டர் அகலம். பள்ளி மாணவர்களுக்கு நடத்திய கட்டுரைப் போட்டியிலிருந்து தேர்ந்து, 1999 மார்ச்சில் அவற்றுக்கு மாபுதுங்குன் பெயர்களைச் சூட்டினார்கள்: ஆன்து (சூரியன்), குயென் (நிலா), மெலிபால் (தென்சிலுவை), யெபுன். தொடக்கத்தில் யெபுன் என்றால் சிரியஸ், அதாவது இரவு வானின் மிகப் பிரகாசமான விண்மீன், என்று அறிவித்துவிட்டார்கள். பழைய அகராதிகளைத் துருவிய பிறகுதான் அது அந்தி வெள்ளி என்று திருத்தம் வந்தது.

வுனெல்ஃபேவையும் சிரியஸ் என்று எழுதிவைத்த குறிப்புகள் உண்டு. இரண்டும் வெள்ளையாகக் கண்ணைப் பறிப்பதால் வந்த பிழை. வானத்தைத் தொடர்ந்து பார்ப்பவருக்கு இது நேராது. சிரியஸ் ஒவ்வொரு நாளும் நான்கு நிமிடம் முந்தி உதிக்கும். ஆண்டுதோறும் அதே மாதத்தில் அதே நேரத்துக்கு வந்து நிற்கும். நள்ளிரவில் உச்சியிலும் நிற்கும். விடிவெள்ளி எந்த மாதத்தோடும் கட்டுப்படாது.

இதே காரணத்தால் இன்னொரு பரவலான கூற்றையும் கவனமாகக் கையாள வேண்டும். மாபுச்சே புத்தாண்டான வே த்ரிபந்து ஜூன் மாதக் குளிர்காலத் திருப்பத்தில் வருகிறது. பூமத்திய ரேகைக்குத் தெற்கே அதுதான் ஆண்டின் மிக நீண்ட இரவு. அன்று விடியுமுன் ஆற்றில் முழுகிக் கிழக்கு நோக்கி நின்று சூரியன் திரும்பி வருவதை வரவேற்பார்கள். ‘அந்த விடியலில் வுனெல்ஃபே எழும்’ என்று சுருக்கமாக எழுதிவிடுகிறார்கள். எல்லா ஆண்டும் எழாது. சில ஆண்டுகளில் அந்த நாளில் வெள்ளி மேற்கில் இருக்கும், சில ஆண்டுகளில் சூரியனோடு மறைந்திருக்கும். அந்தப் பருவத்தில் தவறாமல் காலைக் கிழக்கில் திரும்பத் தோன்றுவது ஙாவ் என்ற விண்மீன் கூட்டம். நாம் கார்த்திகை என்றும் ஆறாமீன் என்றும் சொல்வது அதைத்தான்.

கிழக்கு ஏன் இவ்வளவு முக்கியம்? மாபுச்சே உலகப் பார்வையில் நிலத்துக்கு நான்கு புறங்கள். மெலி வித்ரான் மாபு என்பார்கள். கிழக்கு புவெல், வடக்கு பிகுன், மேற்கு லஃப்கென் (கடல் என்றும் அதே சொல்), தெற்கு வில்லி. அந்தந்தப் பகுதி மக்களைப் புவெல்சே, பிகுன்சே, லஃப்கென்சே, வில்லிசே என்று அழைப்பதும் இதனால்தான். ‘சே’ என்றால் மனிதர். நம் வரைபடங்களில் வடக்கு மேலே இருக்கிறது. அவர்கள் திசையை எண்ணத் தொடங்குவதோ புவெலில், ஆண்டீஸ் மலைத்தொடர் நிற்கும் பக்கத்தில். ரூகா எனும் மரபு வீட்டின் வாசல் அந்தப் பக்கம் பார்க்கும். மாச்சி எனப்படும் குணமாக்குபவரின் வாசலில் நிற்கும், படிபடியாகச் செதுக்கிய மரத்தூணான ரேவேயும் அப்படியே. ஙில்லாதுன் என்ற பெருவேண்டுதல் கிழக்கு நோக்கி நடக்கும். இப்படிக் கிழக்கை முகமாகக் கொண்ட ஒரு வாழ்வில், சூரியனுக்கு முன்னால் அந்த வாசலுக்கு நேரே வந்து நிற்கும் ஒளிக்கு ‘விடியலைக் கொண்டுவருபவர்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எட்டு முனையை இந்த இடத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

எட்டு என்ற எண்ணுக்கு விளக்கம் தேடுபவர்கள் இரண்டு வழியில் போகிறார்கள். நான்கு திசைகளும் அவற்றின் இடைத்திசைகளும் என்பது ஒரு வழி. நான்கு என்ற எண் மாபுச்சே வழிபாட்டில் எங்கும் ஊடுருவி நிற்பதால் இது இயல்பாகப் பொருந்துகிறது. வெள்ளியின் எட்டு ஆண்டுச் சுழற்சி என்பது இன்னொரு வழி. ஐந்து வெள்ளிச் சுற்றுகள் 2,919.6 நாள், எட்டுச் சூரிய ஆண்டுகள் 2,922 நாள். அதனால் எட்டு ஆண்டுக்கு ஒருமுறை வெள்ளி ஏறத்தாழ அதே நாளில் அதே இடத்துக்குத் திரும்பும். கணக்கு சரி. ஆனால் மாபுச்சே மரபு தானே சொல்லும் விளக்கமாக இதைத் தரக் கூடாது என்பது எங்கள் கருத்து. பாபிலோனியரும் இஷ்டார் தெய்வத்தின் வெள்ளியை எட்டு முனையோடு வரைந்தார்கள். வடிவம் ஒத்துப்போனால் கருத்தும் ஒத்துப்போகும் என்று எண்ணித்தான் இத்தகைய குறியீடுகளைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் தடம் புரள்கின்றன.

வானத்தில் இருப்பதற்கு மண்ணில் ஓர் இணை உண்டு: ஃபோயே மரத்தின் பூ. ஸ்பானியர் அந்த மரத்துக்குக் கனேலோ என்று பெயரிட்டார்கள். பட்டையில் காரமும் மணமும் இருந்ததால் இலவங்கப்பட்டையின் பெயரை அதற்குக் கொடுத்தார்கள். இலங்கையின் கறுவாவுக்கும் இதற்கும் உறவில்லை, குடும்பமே வேறு. 1578இல் ஆங்கிலேயக் கடலோடி டிரேக்கின் கப்பல் அணியோடு மகெல்லன் நீரிணைக்கு வந்த கப்பல் தலைவர் ஜான் வின்டர் இதன் பட்டையைத் தம் மாலுமிகளின் ஸ்கர்வி நோய்க்குக் கொடுத்தார். தாவரவியல் பெயரான டிரிமிஸ் வின்டெரி அவர் நினைவில் வந்தது. மாபுச்சே மக்களுக்கு அது மாச்சியின் மரம். ரேவேயைச் சுற்றி அதன் கிளைகளை நடுவார்கள். சமாதானம் பேசப் போகிறவர் அதன் கிளையைக் கையில் ஏந்திப் போவார்.

இந்த மரத்தின் வெள்ளைப் பூவும் வுனெல்ஃபேவும் ஒரே வடிவத்தில் சந்திக்கின்றன. அதனால்தான் பழைய உருக்களில் சில கூர்முனை நட்சத்திரமாகவும், சில இதழ் விரிந்த சிலுவை போலவும் இருக்கின்றன. இங்கே ஒரு திருத்தம் தேவை. ‘ஃபோயே பூவுக்கு எட்டு இதழ்’ என்று உறுதியாக எழுதுகிறார்கள். மரத்தடியில் நின்று எண்ணிப் பார்த்தால் அப்படி இல்லை: இதழ் எண்ணிக்கை பூவுக்குப் பூ மாறும். எட்டு என்பது கைவினைஞர் செய்த ஒழுங்கு.

வரைய விரும்புபவர்களுக்கு அந்த ஒழுங்கு எளிதில் பிடிபடும், ஒரு தேர்வைச் சரியாகச் செய்தால். எட்டு முனை நட்சத்திரம் இரண்டு வகையில் அமையும். ஒன்று, இரண்டு சதுரங்களை 45 பாகை திருப்பி ஒன்றன்மேல் ஒன்று வைப்பது. முனைக் கோணம் 90 பாகை. உள்மடிப்பு, வெளி ஆரத்தில் 0.765 பங்கில் விழும். வடிவம் தடித்து, பருத்து நிற்கும். இஸ்லாமியக் கட்டடக் கலையில் பார்ப்பது பெரும்பாலும் இதுவே. வுனெல்ஃபே என்று வரைந்தால் வேறு மரபின் சாயல் வந்துவிடும். மற்றது, 45 பாகைக் கூர்கோணம் கொண்ட எட்டுச் சாய்சதுரங்கள் மையத்தில் கூடுவது. இதில் முனைக் கோணமும் 45 பாகை, உள்மடிப்பு 0.541 பங்கில் விழும். ஒளி தெறிப்பது போன்ற கூர்மை இதில்தான் வரும்.

செய்முறை இது. 20 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் போடுங்கள். அதே மையத்தில் 10.8 செ.மீ. ஆரத்தில் இன்னொன்று. மேலிருந்து தொடங்கி 22.5 பாகைக்கு ஒரு கோடாக மையத்திலிருந்து பதினாறு கோடுகள் இழுங்கள். பெரிய வட்டத்தில் ஒரு புள்ளி, அடுத்த கோட்டில் சிறிய வட்டத்தில் ஒரு புள்ளி என்று மாற்றி மாற்றிக் குறித்து, வரிசையாக இணையுங்கள். ஒரு முனை நேர்மேலே இருக்க வேண்டும். நான்கு முனை நான்கு திசையைக் காட்ட வேண்டும். தொடக்கக் கோட்டை 22.5 பாகை தள்ளி வைத்துவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. அப்போது எட்டு முனையில் ஒன்றுகூடத் திசைக்கு நேராக நிற்காது. சிறிய அளவில் அச்சிடும்போது முனைகள் மழுங்கும். அதற்காக உள்வட்டத்தைப் பெரிதாக்கினால் நட்சத்திரம் பூவாகிவிடும், வெளிக்கோட்டை மட்டும் மெலிதாக்குவதே வழி.

தறியில் இது இன்னும் கடினம். மாபுச்சே தறியான வித்ரால் நிமிர்ந்து நிற்கும் மரச்சட்டம்: இரண்டு செங்குத்துக் கம்பங்கள், மேலும் கீழும் இரண்டு குறுக்குக் கம்புகள். பாவு நூல் மேலும் கீழுமாக இறுக்கிக் கட்டப்பட்டிருக்கும். துணியில் கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் பாவு. குறுக்கே போகும் ஊடை நூல் உள்ளே மறைந்துவிடும். ஞிமின் என்ற உருநெசவில் ஒவ்வொரு ஊடைக்கும் வேண்டிய வண்ணப் பாவு இழைகளை நெய்பவர் கையால் எண்ணித் தூக்குகிறார். பெண்கள் இடுப்பில் சுற்றும் த்ராருவே கச்சையும், தலைவர்கள் அணியும் மகுஞ் போர்வையும் இப்படி உருவாகின்றன. எண்ணிக்கை நெய்பவரின் நினைவில் இருக்கும். தாளில் வரைந்த மாதிரி தேவைப்படுவதில்லை.

சாய்கோடு என்பது தறியில் படிக்கட்டுதான். ஒரு செ.மீ.க்கு 12 பாவு இழையும் 6 ஊடையும் விழுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஊடைக்கும் ஓர் இழை நகர்ந்தால் கோடு 63 பாகையில் செங்குத்தாக ஏறும். நட்சத்திரம் ஈட்டி போல நீண்டுவிடும். 45 பாகை வேண்டுமானால் ஒவ்வொரு ஊடைக்கும் இரண்டு இழை நகர வேண்டும். உருவின் இழை எண்ணிக்கை ஒற்றைப்படையாக இல்லாவிட்டால் மேல் முனை கூராக முடியாமல் தட்டையாக நிற்கும். எல்லாவற்றையும்விட ஆபத்தானது கை மாறும் அடி. ஙெரேவே என்ற தட்டையான மரக்கோலால் ஊடையை அடித்து இறுக்கும்போது, முதல் பாதியில் பலமாகவும் களைத்த பின் மெதுவாகவும் அடித்தால் நட்சத்திரத்தின் கீழ்ப்பாதி குறுகி, மேல்பாதி நீண்டு விடும். பிரித்து மறுபடி நெய்வதைத் தவிர இதற்கு மாற்று இல்லை. நெசவில் வரும் நட்சத்திரங்களும் சிலுவைகளும் படிபடியாக இருப்பதைப் பார்த்து ‘முழுமையடையாத வடிவம்’ என்று சிலர் எழுதுவது வருத்தம் தருகிறது. படிக்கட்டு ஓரம் தறியின் இலக்கணம். அந்த இலக்கணத்துக்குள் சமச்சீரைக் கொண்டுவருவதில்தான் நெசவாளியின் அறிவு இருக்கிறது.

வெள்ளி வேலையில் இன்று வுனெல்ஃபே பதக்கங்கள் நிறையக் கிடைக்கின்றன. வாங்குபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சந்தையில் ‘அல்பாகா’ என்று சொல்லி விற்பது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை, அதில் வெள்ளி கிடையாது. சிலியில் வெள்ளிப் பொருளில் பெரும்பாலும் 950 என்ற முத்திரை இருக்கும்.

இனிக் கொடிக்கு வருவோம். 1553 டிசம்பரில் துகாபேல் என்ற இடத்தில் ஸ்பானிய ஆளுநர் பெத்ரோ தே வால்திவியாவின் படையை லெஃப்த்ராரு வீழ்த்தினார். ஸ்பானியர் வாயில் அந்தப் பெயர் லௌதாரோ ஆயிற்று. போர் தலைமுறை தலைமுறையாக நீண்டது. 1641 ஜனவரியில் கில்லின் உடன்படிக்கையில் பியோபியோ ஆற்றுக்குத் தெற்கே மாபுச்சே மக்களின் சுதந்திரத்தை ஸ்பானிய அரசு ஒப்புக்கொண்டது. ஸ்பெயினிடமிருந்து விடுதலை கேட்டு எழுந்த சிலியர்களுக்கு, ஏறத்தாழ மூன்று நூற்றாண்டாக அடிபணியாத இந்த அண்டை மக்கள் ஒரு முன்மாதிரியாகத் தெரிந்தார்கள். விடுதலைத் தலைவர்களின் இரகசிய அமைப்பே லௌதாரோ பெயரைத் தாங்கியது. அதில் இருந்த பெர்னார்தோ ஓஹிக்கின்ஸ், சிறுவயதில் சில்யான் நகரில் மாபுச்சே தலைவர்களின் பிள்ளைகளோடு படித்தவர்.

1817 அக்டோபரில் ஏற்ற புதிய கொடியில் அவர்கள் வைத்தது அராவுக்கோவின் நட்சத்திரம். மாபுச்சே நிலத்துக்கு ஸ்பானியர் வைத்த பெயர் அராவுக்கோ. முனை ஐந்து, ஐரோப்பிய வடிவம். ஆனால் 1818 பிப்ரவரி 12 அன்று விடுதலை உறுதிமொழிக்கு ஏந்திய கொடியைப் பார்த்தால், அந்த ஐந்து முனைக்குள் நடுவில் எட்டுக் கதிர்கொண்ட சிறு உடுக்குறி இழைக்கப்பட்டிருக்கிறது. வுனெல்ஃபே அங்கே இருக்கிறது. இரண்டு மரபுகளும் ஒன்றுசேர்ந்த நாடு என்பது அதன் சொல்லப்பட்ட கருத்து. அந்தக் கொடி 1980இல் அருங்காட்சியகத்திலிருந்து இராணுவ ஆட்சியை எதிர்த்த மிர் அமைப்பினரால் எடுத்துச் செல்லப்பட்டு, 2003 இறுதியில்தான் திரும்ப வந்தது. அன்றாடக் கொடிகளில் உட்குறி நிலைக்கவில்லை. 1912இன் சட்டம் அளவுகளை நிர்ணயித்தபோது எஞ்சியது வெறும் ஐந்து முனை. அதன் விட்டம் நீலச் சதுரத்தின் பக்கத்தில் பாதி.

குறி மறைந்ததைவிடக் கனமானது இடையில் நடந்தது. 1861 முதல் 1883 வரை சிலி இராணுவம் பியோபியோவைத் தாண்டி மாபுச்சே நிலத்தைக் கைப்பற்றியது. அதற்குப் பிந்தைய சுமார் 45 ஆண்டுகளில், ஏறத்தாழ மூவாயிரம் பட்டாக்களாக அவர்களுக்கு விடப்பட்டது சுமார் 5 இலட்சம் எக்டேர். முன்பு அவர்கள் கையில் இருந்த நிலத்தில் சிறு துண்டு. மிச்சம் குடியேறிகளுக்கும் பெருநில உரிமையாளர்களுக்கும் போயிற்று. சிலிக் கொடியில் தங்கள் விடிவெள்ளி இருக்கிறது என்ற செய்தியை மாபுச்சே மக்கள் பெருமையோடு மட்டும் கேட்க முடியாததற்குக் காரணம் இதுதான். ‘சிலி நட்சத்திரத்தின் மூலவடிவம்’ என்று வுனெல்ஃபேவை அறிமுகம் செய்யும் வரி, இந்த வரலாற்றைச் சொல்லாமல் விட்டால் முறையாகாது.

2017 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 17.45 இலட்சம் பேர், ஏறத்தாழ நாட்டின் பத்தில் ஒருவர், தம்மை மாபுச்சே என்று பதிந்தார்கள். அவர்களின் பொதுக் கொடி 1992இல் உருவான வெனுஃபோயே, ‘வானத்து ஃபோயே’. நீலம், பச்சை, சிவப்பு என்று மூன்று பட்டை. மேலும் கீழும் கறுப்பு-வெள்ளை நெசவு விளிம்பு. நடுவில் மஞ்சள் நிறத்தில் குல்த்ருன், மாச்சியின் மேளம். அசல் குல்த்ருன் ஃபோயே போன்ற மரத்தைக் குடைந்த கிண்ணத்தில் தோல் போர்த்தியது. தோலின் மேல் சிலுவை போல ஒன்றையொன்று வெட்டும் கோடுகள் வட்டத்தை நான்காகப் பிரிக்கும். இடையிடையே சூரியன், நிலா, நட்சத்திரங்கள் வரும்.

2019 அக்டோபரில் சிலி முழுவதும் மக்கள் தெருவில் இறங்கியபோது சாந்தியாகோவின் பாகெதானோ சதுக்கத்தில் இரண்டு கொடிகளும் பறந்தன. செய்திப் படங்களின் கீழே இரண்டையும் ஒரே பெயரில் ‘மாபுச்சே கொடி’ என்று எழுதிவிட்டார்கள். பிரித்தறிவது எளிது: மேளம் இருந்தால் வெனுஃபோயே, நிலப்பரப்பு முழுவதற்கும் மக்கள் அனைவருக்குமானது. நீலத் துணியில் எட்டு முனை வெள்ளை நட்சத்திரம் மட்டும் இருந்தால் அது வுனெல்ஃபே கொடி. லெஃப்த்ராருவின் காலத்துப் போர்க்கொடியாக நினைவுகூரப்படும் அதைத்தான், விடிய இன்னும் நேரம் இருக்கும்போது ஏந்துகிறார்கள்.